யாருடைய தாமதம்?

போன மாதம் மகளையும் பேத்தியையும் சிங்கப்பூருக்கு வழியனுப்பத் திருச்சி விமான நிலையம் போயிருந்தேன். அரிமளத்தில் தெருவுக்கு நாலு பேர் கடல் தாண்டியிருப்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வழி மனப்பாடம். விமானம் ஒன்றேகால் மணி நேரம் தாமதம் என்று பலகையில் ஓடியது. புது முனையத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்தது, 1,100 கோடிக்கு மேல் செலவு. கோபுரச் சாயல், சுவரெல்லாம் ஓவியம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விமானம் இறங்குவது ஓடுதளத்தில். அது அதே பழைய 2,480 மீட்டர்தான். நம் பிள்ளைகள் போய் இறங்கும் சாங்கியில் ஒவ்வொன்றும் 4,000 மீட்டர்.

கூட வந்த நண்பர், அவரும் ஓய்வு பெற்றவர்தான், சலித்துக்கொண்டார். "நாலு பேர் நிலம் குடுக்க மாட்டேங்கிறான் சார். அதுக்காக நாடே காத்துக் கிடக்கணுமா?"

அங்கே நான் பதில் சொல்லவில்லை. பேத்தி மடியில் இருந்தாள். இங்கே சொல்கிறேன்.

ஓடுதளம் நீள வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. நம் ஊர் வெயிலில் காற்று லேசாகிவிடும். எண்ணெயும் ஆளும் நிறைய ஏற்றிய பெரிய விமானம் மேலே எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். நீளம் மட்டும் போதாது, டாக்ஸிவே என்கிற இணைப்புப் பாதையும் வேண்டும். நமணசமுத்திரத்தில் கிராசிங்குக்காக ரயிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒதுங்க லூப் லைன் இல்லையென்றால் எதிரே வருவது எங்கோ நிற்கத்தான் வேண்டும். இறங்கிய விமானம் சட்டென்று ஒதுங்க வழியில்லாமல் ஓடுதளத்திலேயே திரும்பி ஊர்ந்து வந்தால், அடுத்தது வானத்தில் வட்டமடிக்கும். லண்டன் கேட்விக்கில் ஒரே ஓடுதளத்தை வைத்துக்கொண்டு மணிக்கு ஐம்பத்தைந்து விமானம் வரை ஏற்றி இறக்குகிறார்கள். சென்னை மீனம்பாக்கத்திலும் வேகமாக விலகிப் போகும் பாதைகள் போட்டது இதற்காகத்தான்.

ஆக, நிலம் வேண்டும். நண்பரோடு நான் சண்டைக்கு வருவது இந்த இடத்தில்தான்.

நான் முப்பத்து மூன்று வருடம் சர்வேயராக இருந்தவன். வேறொரு மாவட்டத்தில் புறவழிச்சாலைக்காகச் சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டேன். ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, ஓரத்தில் ஏழெட்டுத் தென்னை. அந்தப் பெரியவர் மறுக்கவில்லை. "ரோடு வந்தா ஊருக்கு நல்லதுதானே தம்பி" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். "பணம் எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டார். "ஆறு மாசத்துல வந்துரும்ய்யா" என்றேன். மேலே இருந்தவர்கள் எனக்குச் சொன்னதை அப்படியே அவருக்குச் சொன்னேன்.

ஒன்பது வருடம் ஆயிற்று. கல் நட்ட நிலத்தை விற்க முடியாது, அடமானம் வைத்தால் எந்த வங்கியும் வாங்காது. கிணற்றைத் தூர் வாரவும் மனசு வராது, நாளைக்கே எடுத்துக்கொள்வார்களே. மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினார். அவார்டு தொகை வந்தபோது கையெழுத்துப் போட்டது மகன். நான் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டேன், வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

அது 1894-ஆம் வருடச் சட்டக் காலம். ஆறுதல் தொகை முப்பது சதவீதம். 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் நூறு சதவீதம், மறுவாழ்வு, மறுகுடியமர்வு எல்லாம் உண்டு. காகிதத்தில் நல்ல சட்டம்தான். பிறகு ஏன் 2024 நவம்பரில் மதுரை விமான நிலையத்தை ஒட்டிய சின்ன உடைப்பு கிராமத்து ஜனங்கள் தெருவில் உட்கார்ந்தார்கள்? ஓடுதளமே கூடாது என்றா? மாற்று இடமும் மறுவாழ்வும் கொடுத்துவிட்டுக் காலி செய்யச் சொல்லுங்கள் என்றுதானே கேட்டார்கள்? தலைமுறையாக இருந்த வீட்டை விட்டுப் போகிறவன் எங்கே போவது என்று கேட்டால் அது முட்டுக்கட்டையா?

திருச்சியில் இன்னொரு வேடிக்கை. தேவைப்பட்ட நிலத்தில் பாதுகாப்புத் துறையின் நிலமும் இருந்தது. அரசு நிலத்தை அரசுக்கு மாற்றிக்கொள்வதற்கே வருடக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. அதில் எந்த விவசாயி குறுக்கே படுத்தான்? பைலை மேஜையில் வைத்திருந்தவரை யாரும் நாட்டின் வளர்ச்சிக்கு எதிரி என்று டிவியில் திட்டவில்லை.

விமானம் தாமதமானால் நிமிஷக் கணக்கில் பலகையில் போடுகிறார்கள். நான் கேட்பது பெரிய காரியமில்லை. திருச்சியிலும் மதுரையிலும் ஓடுதளத்துக்காக நிலம் எடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் பாக்கி, எத்தனை நாளாகப் பாக்கி என்று வருவாய்த்துறை மாதா மாதம் தாலுகா ஆபீஸ் வாசலில் எழுதி ஒட்டட்டும். மாற்று மனையின் பட்டா கைக்கு வரும்வரை யார் வீட்டு முன்னாலும் ஜேசிபி நிற்கக் கூடாது. இதைச் செய்த பிறகும் ஒருவன் தர மாட்டேன் என்றால், அப்போது என் நண்பர் திட்டட்டும். நானும் சேர்ந்து திட்டுகிறேன்.