கேட்பதற்கும் ஓர் அளவு உண்டு

கல்லூரியின் துறை அறையில் சில ஆண்டுகளேனும் அமர்ந்தவர்க்கு இம்மனிதர் புதியவர் அல்லர். காலையில் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டதும் தொடங்குவார். தம்பி பாகப்பிரிவினையில் ஏமாற்றிவிட்டான். மகன் சொல் கேட்பதில்லை. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டி மாளவில்லை. முழங்கால் வலி உறங்கவிடுவதில்லை. பதினொரு மணித் தேநீரின்போது அதே துயரங்கள் அதே வரிசையில் மீண்டும் வரும். எதிரில் இருப்பவர் விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ‘உம்’ கொட்டுவார். மணி அடித்ததும் விடுதலை பெற்றவர்போல் வகுப்புக்கு விரைவார்.

இத்தகைய சக ஆசிரியரிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்னும் கேள்விக்கு நம்மிடையே இரு விடைகள் வழங்குகின்றன. ‘பாவம், கொட்டித் தீர்க்கட்டும்’ என்பது ஒன்று. ‘அவர் தலை தெரிந்தால் வேறு பக்கம் போய்விடு’ என்பது மற்றொன்று. முன்னது கருணை போலவும் பின்னது கல்நெஞ்சம் போலவும் தோன்றும். நம் பார்வையில் இரண்டும் ஒன்றே. இரண்டிலும் அவர் சொல்வதை எவரும் கேட்கவில்லை.

கேட்பது என்றால் முதலில் பிரித்தறிவது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னைய நிலை கெட்டுத் தளர்தல், பொருளின்மை என இவற்றை விரிக்கலாம். எல்லாக் கண்ணீரும் ஒன்று போலவே வழிந்தாலும் அது பிறக்குமிடம் வேறு வேறு என்பதை நம் இலக்கணம் அறிந்திருந்தது. இலக்கிய வகுப்பில் இதைத் தேர்வுக்குரிய பட்டியலாக நடத்திவிட்டுத் துறை அறைக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் ‘புலம்பல்’ என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம்.

வறுமையை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் கௌரவ விரிவுரையாளர்க்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என மதிப்பூதியம் வகுத்தது. அத்தொகையைக் கேட்டுத் தமிழகத்தின் அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர்கள் பலமுறை போராடியுள்ளனர். முனைவர் பட்டம் பெற்று, நிரந்தரப் பேராசிரியர் எடுக்கும் அதே பாடத்தை எடுத்து, வீட்டு வாடகைக்குக் கடன் கேட்கும் ஒருவர் அடுத்த நாற்காலியில் அமர்ந்து குறை சொன்னால் அது சொந்தப் பிரச்சினை அன்று. ‘எப்போதும் அழுதுகொண்டிருக்கிறார்’ என்று அவரை ஒதுக்குவது, ஊதியக் குறையை மனக்குறையாக மாற்றிக் காட்டும் தந்திரமாகவே முடியும். அவருக்கு வேண்டியது ஆறுதலைவிடக் கையொப்பம். சங்கக் கூட்டத்தில் அவர் பக்கத்தில் ஓர் ஆள்.

இழவு வேறு. ஆண்டன் செகாவ் 1886இல் எழுதிய ‘துயரம்’ சிறுகதையை இவ்விடத்தில் நினைக்காமலிருக்க இயலாது. மகனைப் பறிகொடுத்த குதிரைவண்டிக்காரர் அயோனா தம் வண்டியில் ஏறும் ஒவ்வொருவரிடமும் சொல்ல முயல்கிறார், எவரும் கேட்பதில்லை, இறுதியில் தம் குதிரையிடம் சொல்கிறார். அவர் அதே செய்தியை மீண்டும் மீண்டும் தொடங்கக் காரணம், ஒருமுறைகூட முழுவதும் சொல்லி முடிக்க வாய்க்காததுதான். துறை அறையில் திரும்பத் திரும்ப வரும் பேச்சிலும் ஒரு பகுதி இத்தகையது. நாம் கொட்டும் ‘உம்’ அவரை முடிக்கவிடாமல் மீண்டும் முதல் வரிக்கே அனுப்புகிறது.

நம் திருவண்ணாமலைக்குத் துயரக் கதைகள் புதியன அல்ல. எச்சம்மாள் என அறியப்பட்ட பெண்மணி கணவரையும் குழந்தைகளையும் இழந்து, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைமேல் இருந்த ரமணரைக் காண வந்தார். நெடுநேரம் பேச்சின்றி நின்றார் என்றும், துயரத்தின் சுமை இறங்கித் திரும்பினார் என்றும் வரலாறு கூறுகிறது. இதில் பலரும் மௌனத்தையே வியப்பர். நம் கண்ணில் படுவது அதன் பின் நடந்தது. அவர் நாள்தோறும் சமைத்து உணவு கொண்டுசெல்லலானார். 1945இல் மறையும் வரை அப்பணி தொடர்ந்தது. துயரத்திற்குச் செவி கிடைத்தது. கைக்கு ஒரு வேலையும் கிடைத்தது. நாம் ரமணர் அல்லோம். துறை அறை மலைக்குகையும் அன்று. ஆயினும் துயருற்றவரைக் கேட்பவராக மட்டும் நில்லாமல், அவரை மீண்டும் ஒரு செயலுக்குள் அழைத்துச் செல்ல நம்மாலும் இயலும். நூலகத்திற்கு நூல் தேர்ந்தெடுக்கும் பணியோ கருத்தரங்க ஏற்பாடோ அதற்குப் போதும்.

எஞ்சுவது பழக்கமாகிப்போன புலம்பல். பத்தாண்டுக்கு முந்தைய பாகப்பிரிவினை இன்றும் தேநீரோடு வருகிறதெனில் அது துயரத்தைத் தாண்டிப் பொழுதுபோக்காகிவிட்டது. பிரச்சினைகளையே மீண்டும் மீண்டும் கிளறிப் பேசும் நட்பைக் குறித்து அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸ் பள்ளி மாணவரிடையே நடத்திய ஆய்வை 2002இல் வெளியிட்டார். அத்தகைய பேச்சு நெருக்கத்தோடும் தொடர்புடையது, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடும் தொடர்புடையது என அவர் கண்டார். ‘உம்’ கொட்டுவோர் செய்யும் உதவியின் மறுபக்கம் இது.

அந்த உதவியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் கேட்கவேண்டும். பெரும்பாலும் துறையில் இளையவர், அதிலும் பெண் ஆசிரியர். மூத்தவர் பேசும்போது எழுந்துபோக அவரால் இயலாது. வீட்டில் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பேருந்தில் நின்று வந்த ஒருவருக்குப் பாடம் பார்க்கக் கிடைக்கும் ஒரே பாடவேளை அதில் கரைகிறது. அவ்வகையில் அதன் இறுதிச் செலவு மாணவர் கணக்கில் எழுதப்படுகிறது. இதைச் சொல்லாமல் ‘பொறுத்துப் போங்கள் அம்மா’ என்று இளையவர்க்கு அறிவுரை கூறுவது நேர்மையன்று.

அளவு வைப்பது அன்பின்மை ஆகாதா எனச் சிலர் வினவலாம். நம் ஊர்களின் இழவு வீட்டைப் பாருங்கள். ஒப்பாரிக்குக் குரல் கொடுக்க ஊரே கூடும். பதினாறாம் நாள் கருமாதியோடு பந்தல் பிரிக்கப்படும். அழுகைக்கு இடமும் நாளும் வைத்த மரபு அன்பற்ற மரபு அன்று. கேட்பதையே தொண்டாகக் கொண்டவர்களும் இதை அறிவர். சாட் வாரா 1953இல் லண்டனில் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பிலும், 1986இல் சென்னையில் தோன்றிய சிநேகாவிலும் தொண்டர்கள் பயிற்சி பெற்று முறைவைத்தே கேட்கின்றனர். அவர்களுக்கே முறை வேண்டுமெனில், அடுத்த வகுப்புக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பவர்க்கு வேண்டாவா?

ஆகவே நாம் முன்வைப்பது எளிய வழக்கம். ‘ஐயா, இப்போது பாடம் பார்க்கவேண்டும். நான்கு மணிக்கு அரை மணி நேரம் உட்காருவோம்’ என்று சொல்லலாம். நான்கு மணிக்குத் தவறாமல் உட்காரவேண்டும். கைப்பேசியை ஒதுக்கி வைக்கவேண்டும். இடைமறித்து நம் கதையைத் தொடங்கலாகாது. முடிவில் ஒரு கேள்வி: ‘இதில் நான் செய்யக்கூடியது ஏதும் உண்டா?’ உண்டெனில் செய்யவேண்டும். இல்லையெனில் அதே கதை மறுநாள் வரும்போது, ‘நேற்றுப் பேசியதில் என்ன செய்தீர்கள் ஐயா?’ எனத் தொடங்கவேண்டும். துயரம் மெய்யானால் அக்கேள்வி அவரை ஓர் அடி நகர்த்தும். பழக்கமானால் பேச்சு தானே சுருங்கும். இளையவர் இதைச் சொல்லத் தயங்குவராதலின் துறையில் மூத்தவர்களே முதலில் சொல்லவேண்டும்.

ஒன்றை மட்டும் அளவுக்குள் அடக்கலாகாது. பேச்சில் வாழ்வே வேண்டாம் என்னும் தொனி வந்தால் நான்கு மணி வரை காத்திருக்கக் கூடாது. அந்நேரமே உடனிருந்து, அவர் வீட்டாருக்குச் சொல்லி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் 14416 ஒவ்வொரு துறை அறைச் சுவரிலும் கால அட்டவணைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நாள்தோறும் ‘உம்’ கொட்டிப் பழகிய செவிக்கு, அந்தத் தொனி மாறிய நாள் தெரியாமலே போய்விடும். அளவோடு கேட்கவேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய காரணம் நமக்குத் தேவையில்லை.