பங்குனி ஆமையைத் தேடி

ஒரு பிராணிக்கு மாதத்தின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள் நம் கடற்கரை மக்கள். பங்குனி ஆமை! தை பிறந்ததும் சென்னைக் கடலோரத்தில் கரையேறத் தொடங்கிப் பங்குனி வரை முட்டையிடும் இந்த ஆமையைத் தேடி, மாணவர்கள் இரவு நடை போவது நல்ல வழக்கம். 1988-இல் இதற்கெனவே மாணவர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கி, இன்றும் நடந்து வருகிறார்கள். ஆனால் நம்மில் பலர் தேடப் போகிறோமா, வேடிக்கை பார்க்கப் போகிறோமா?

சென்ற மாசியில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். வேண்டாமென்று வழிகாட்டி சொல்லியும் பலர் கையில் கைபேசி விளக்கு. அலையோரம் ஓர் ஆமை தலை தூக்கியது. ஒரே வெளிச்சம்! வயிற்றில் முட்டைகளுடன் அது கடலுக்கே திரும்பிவிட்டது. எடுத்த படமும் மங்கல்தான்.

விளக்கை அணைத்துச் சற்றுப் பொறுத்தால் கண் இருளுக்குப் பழகிவிடும். ஈர மணலில் சிறிய டிராக்டர் ஏறி இறங்கியது போன்ற தடம் தெரியும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேருமிடத்தில் மணல் கலைந்திருக்கும். அனுபவசாலி அங்கே குச்சியை மெல்ல இறக்கிப் பார்ப்பார். இறுகிய மணலில் நிற்கும் குச்சி, குழியின் மேல் பொசுக்கென்று இறங்கும். பிறகு கையால்தான் தோண்ட வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கலாம்.

நாயும் நகர வெளிச்சமும் இருப்பதால் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். எனக்கு இதில் முழு மனநிறைவு இல்லை. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். இடம் மாற்றுவது சாதாரணக் காரியமன்று. எனினும் விளக்கைக் கடலென்று எண்ணிச் சாலைக்கு ஊர்ந்து போகும் குஞ்சுகளை நினைத்தால் வேறு வழியும் தெரியவில்லை.

அன்றிரவு செத்த ஆமைகள் இரண்டைக் கடந்தோம். மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினோமே தவிர, ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை. 2025 சனவரியில் சென்னையிலும் அதையொட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கு மேல் செத்து ஒதுங்கினவே! ஆமை காற்றை மூச்சிழுக்கும் பிராணி. இழுவலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலைப் படகு மீன்பிடிக்கக் கூடாதென்று விதி உண்டு. ஆமை தப்பிக்கும் வழி வைத்த வலையும் உண்டு. இவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கேட்க, கையில் கணக்கு வேண்டாமா? செத்த ஆமையைத் தேடுவதும் தேடல்தான் என்பேன். தேதி, இடம், ஓட்டின் நீளம் – இவ்வளவு எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் போதும். விலங்கியல் ஆய்வகத்தில் நாடா சும்மாதான் கிடக்கிறது.

வரும் தையில் வனத்துறை அனுமதி பெற்றவர்களோடு நம் கல்லூரி அணியும் நடக்கட்டும். பேராசிரியர்கள் இசைந்தால் துறை வாசலில் பெயர்ப் பட்டியல் வைக்கிறேன். கைபேசியைப் பையிலேயே வைத்திருக்கச் சம்மதிப்பவர் மட்டும் கையெழுத்திடுங்கள்.