கம்பியா, காற்றா?

புளியந்தோப்பிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். குடியிருப்பு வாரிய வீட்டில் மூன்றாவது மாடி. பிளஸ் டூ படிக்கும் மகள் மடிக்கணினியில் பாட வீடியோ பார்க்கிறாள். பகலில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி ஏழு மணி ஆயிற்றோ இல்லையோ, வாத்தியார் வாயைத் திறந்தபடி அப்படியே சிலையாக நின்றுவிடுகிறாராம்! இணைப்புக் கொடுத்தவர்களோ, "இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறுங்கள், அம்மா" என்கிறார்கள். மாதாமாதம் கூடுதல் பணம். கட்டலாமா, வேண்டாமா என்று கேட்கிறார் சகோதரி.

இப்போதைக்குக் கட்டாதீர்கள்! பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

அதென்ன அடுக்கு என்கிறீர்களா? துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைப் பார்க்காத வடசென்னைவாசி உண்டா? பெட்டிக்குள் இருப்பது சட்டையா, ஸ்பானரா என்று டிரைவருக்குக் கவலை இல்லை. லாரியிலிருந்து இறக்கிக் கப்பலில் ஏற்றினாலும் பெட்டி அதே பெட்டி, நம்பரும் அதே நம்பர். கணினிகள் ஒன்றோடொன்று பேசும் முறையும் கிட்டத்தட்ட இதுதான். வாத்தியாரின் பாடம் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டப்படுகிறது. பொட்டலம் ஒன்றில் பெரும்பாலும் 1500 பைட்தான் அடங்கும். தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு 3 பைட் இடம் வேண்டும் என்பதால், 500 குறிகூட ஒரு பொட்டலத்தில் கொள்ளாது! பொட்டலங்களுக்கு வரிசை எண் போட்டு, வராததைத் திரும்பக் கேட்டு வாங்குவது ஓர் அடுக்கின் வேலை. விலாசம் பார்த்து வழி அனுப்புவது அதற்குக் கீழ் அடுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வண்டி. அது செம்புக் கம்பியாக இருக்கலாம், கண்ணாடி இழையாக இருக்கலாம், ரேடியோ அலையாகவும் இருக்கலாம். மேலே இருப்பவர்களுக்கு வண்டி எது என்று தெரியவே வேண்டாம். வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்ட யோசனையிலிருந்து வளர்ந்தது இந்த ஏற்பாடு.

வைஃபை என்றால் இணையம் முழுவதும் ஆகாயமார்க்கமாக வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். காற்றில் வருவது வீட்டுக்குள்ளே பத்தடி, இருபதடிதான். மற்றதெல்லாம் பெரும்பாலும் கம்பிதான். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002-லேயே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் கண்ணாடி இழை போட்டாயிற்று. செல்போன் கோபுரங்களிலும் பலவற்றுக்கு அடியில் இழைதான் ஓடுகிறது. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது இந்த ரகசியம் ஊருக்கே தெரிந்தது. மரமும் கம்பமும் சாய்ந்தன, மின்சாரம் போயிற்று, தெருவுக்குத் தெரு தொங்கிய ஒயர்கள் அறுந்தன. கடலடிக் கம்பியும் சேதப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கம்பியே இல்லாத செல்போனும் ஊமையாகிவிட்டது! 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று சொல்லி அப்போது 34 நாள்தான் ஆகியிருந்தது. கையில் காசில்லாமல் கார்டை நம்பியிருந்தவர்கள், கடையில் உயிரற்றுக் கிடந்த இயந்திரத்தைப் பார்த்து விழித்தார்கள்.

சரி, சகோதரியின் வீட்டுக்கு வருவோம். ஏழு மணிக்கு என்ன நடக்கிறது?

தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது என்று வையுங்கள். குழாய் ஒன்று, குடம் முப்பது. ஒரு சமயத்தில் ஒரு குடம்தான் பிடிக்க முடியும். வைஃபை சங்கதியும் அதே. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று இடிக்காத பாதைகள் மூன்றே மூன்று. ஒரே பாதையில் இருக்கும் அத்தனை வீட்டுப் பெட்டிகளும் முறை வைத்துத்தான் பேச வேண்டும். பேசுமுன் காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசினால் பொறுக்கும். ஓய்ந்ததும் குருட்டாம்போக்கில் ஒரு கணம் கூடுதலாகக் காத்திருந்து வாயைத் திறக்கும். பேசியது சேர்ந்தது என்று பதில் வராவிட்டால், திரும்பவும் அதே பேச்சு! ராத்திரி ஏழு மணிக்கு மாடி முழுவதும் டெலிவிஷனும் போனும் விழித்துக்கொண்டால் கியூ நீளாமல் என்ன செய்யும்?

கம்பிக்கும் ஒரு காலத்தில் இந்தச் சங்கடம் இருந்தது. 1971-ல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் ரேடியோவில் கணினிகளைப் பேச வைத்தார். அதைப் படித்த ராபர்ட் மெட்கால்ஃப், 1973-ல் அதே பாணியில் கம்பிக்கு ஈதர்நெட் என்ற முறையை வகுத்தார். அதாவது கம்பி, காற்றிடம் பாடம் படித்தது! ஆனால் இன்று கணினி ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி. போகவும் வரவும் தனித்தனி வழி. அடித்த வீட்டுக்காரர் எத்தனை சினிமா பார்த்தாலும் உங்கள் கம்பிக்குள் அவர் நுழைய முடியாது.

ஆகவே, சகோதரி, ஒரு லான் ஒயர் வாங்குங்கள். ஒரு முனையை ரவுட்டர் பெட்டியிலும் மறு முனையை மடிக்கணினியிலும் செருகுங்கள். மடிக்கணினியில் அதற்கான துளை இல்லாவிட்டால், யு.எஸ்.பி.யில் மாட்டும் சிறு துண்டு ஒன்று கடையில் கிடைக்கும். அதே ஏழு மணிக்கு அதே பாடத்தைப் போட்டுப் பாருங்கள். வாத்தியார் தடங்கலில்லாமல் பேசினால் குற்றவாளி காற்று. அப்போது பெரிய திட்டம் வாங்குவது, வாசல்வரை ரோட்டை அகலப்படுத்திவிட்டு வீட்டுக்குள் சந்தை அப்படியே விட்டது போலத்தான். ஒயர் போட்டும் வாத்தியார் நின்றால், கோளாறு பெரும்பாலும் வெளியே இருக்கிறது. அப்போது கம்பெனியோடு தாராளமாகச் சண்டை போடலாம்.

ஒயர் வேண்டாம் என்றால், ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா பாருங்கள். அதில் பாதைகள் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும். பெட்டியும் பெண்ணும் ஒரே அறையில் இருந்தால் நல்லது. ஒயரே போடுவதானால் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 100 மீட்டர்வரை தாங்கும். கதவு இடுக்கில் நசுங்காமல், சுவரோரமாகக் கிளிப் அடித்துக் கொண்டுபோங்கள்.