மாண்ட விமானியின் மீது பழி. வாழும் நிறுவனங்களுக்கு விடுதலையா?

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா 171 விமானம், மேலெழுந்த சில நொடிகளில் இரு எஞ்சின்களும் செயலிழந்து, பி.ஜே. மருத்துவக் கல்லூரி விடுதியின் மீது விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவரே உயிர் தப்பினார். விடுதியிலும் சுற்றிலும் இருந்தோரையும் சேர்த்து 260 உயிர்கள் பறிபோயின.

ஒரு மாதத்தில் விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு வெளியிட்ட முதற்கட்ட அறிக்கை, எஞ்சின்களுக்கு எரிபொருள் செலுத்தும் இரு சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் அணைந்த நிலைக்கு மாறியதாகக் கூறியது. ஏன் அணைத்தாய் என ஒரு விமானி கேட்டதாகவும், தான் அணைக்கவில்லை என மற்றவர் மறுத்ததாகவும் தெரிவித்தது. கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்று கூறவில்லை. முழு உரையாடலையும் வெளியிடவில்லை. விபத்துக்கான காரணத்தையும் அது முடிவு செய்யவில்லை. ஆயினும் மேலைநாட்டு ஊடகங்கள் விமானியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. விமானிகள் சங்கங்கள் இதை வன்மையாகக் கண்டித்தன.

அதே அறிக்கையின் மற்றொரு செய்தி போதிய கவனம் பெறவில்லை. இத்தகைய சுவிட்சுகளின் பூட்டு அமைப்பைச் சோதிக்குமாறு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2018இலேயே அறிவுறுத்தியிருந்தது. அது கட்டாய ஆணையன்று, பரிந்துரையே என்பதால் ஏர் இந்தியா அச்சோதனையைச் செய்யவில்லை. விபத்துக்குப் பின் தனது பிற விமானங்களைச் சோதித்ததில் கோளாறு ஏதுமில்லை என நிறுவனம் கூறுகிறது. அது உண்மையாகவே இருக்கட்டும். பயணிகளின் உயிர் தொடர்பான சோதனையை நிறுவனத்தின் விருப்பத்திற்கு விட்டது சரியா என்ற கேள்வி அப்போதும் எஞ்சி நிற்கிறது.

முன்னனுபவமும் எச்சரிக்கிறது. 2018இல் இந்தோனேசியாவிலும் 2019இல் எத்தியோப்பியாவிலும் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் மாண்டபோது, விமானிகளின் திறமையே முதலில் கேள்விக்குள்ளாக்கப்பட்டது. ஒற்றை உணர்கருவியின் தவறான தகவலை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிய மென்பொருளே விபத்துகளின் மையத்தில் இருந்தது என்பதும், அதைப் பற்றி விமானிகளுக்கான கையேட்டில் குறிப்பிடப்படவில்லை என்பதும் பின்னரே அம்பலமாயின.

இந்தியாவிலோ, விபத்தைப் புலனாய்வு செய்யும் அமைப்பும், பாதுகாப்பைக் கண்காணிக்கும் இயக்குநரகமும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இயங்குகின்றன. கண்காணிப்பில் அரசு தவறியிருந்தால் அரசே அரசை எப்படி விசாரிக்கும்? அந்த இயக்குநரகத்தில் பாதிக்கும் மேற்பட்ட பணியிடங்கள் காலியாகக் கிடப்பதை, விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவை டாடா குழுமத்திடம் ஒப்படைத்த ஒன்றிய அரசு, கண்காணிக்கும் கடமையையும் சேர்த்துக் கைகழுவ இயலாது.

அமைச்சகத்தின் பிடிக்கு அப்பாற்பட்ட சுதந்திரமான விசாரணை, அதில் விமானிகள், பொறியாளர்களின் சங்கப் பிரதிநிதிகளுக்கு இடம், காலிப் பணியிடங்களை உடனே நிரப்புதல், பாதுகாப்புச் சோதனைகளைக் கட்டாயமாக்குதல் ஆகியவற்றை ஜனநாயக சக்திகள் ஒன்றுபட்டு வலியுறுத்த வேண்டும். விமானியிடம் பிழை இருந்ததா என்பதும் அந்த விசாரணையில் தெரியட்டும். பதில் சொல்ல உயிரோடு இல்லாத தொழிலாளியின் மீது பழியைச் சுமத்தி, பதில் சொல்ல வேண்டியவர்கள் தப்பிச் செல்ல அனுமதிக்கக் கூடாது.