யார் வீட்டுக் குப்பை, யார் வீட்டு வாசலில்?

விடியற்காலை ஐந்தரை மணி. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு தெருமுனை. வேலைக்குப் புறப்பட்ட ஒருவர், ஸ்கூட்டரை நிறுத்தாமலே, காலருகில் வைத்திருந்த பையை மின்கம்பத்தின் அடியில் எறிந்துவிட்டுப் போகிறார். பழைய சோறு, காய்கறித் தோல், பால் கவர், உடைந்த பல்பு, குழந்தைக்குக் கட்டிய டயபர் எல்லாம் அந்த ஒரே பையில். அரை மணி நேரத்தில் அங்கே இருபது பைகள் சேர்ந்துவிடுகின்றன. நாய்கள் வந்து கிழிக்கின்றன. பிறகு ஒரு பெண் வந்து, குனிந்து, அதைக் கையால் அள்ளுகிறார். எறிந்தவர் தமிழர். அள்ளுகிறவரோ பல வார்டுகளில் தமிழோ தெலுங்கோ பேசுகிற ஏழைப் பெண். உடைந்த பல்பு அவர் விரலைத்தான் கிழிக்கிறது.

"இது என்ன, நம்ம ஊரா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தருமபுரியிலும் திருவண்ணாமலையிலும் வீடும் நிலமும் வைத்துக்கொண்டு, இங்கே வாடகை அறையில் காலம் தள்ளுகிறவருக்கு அப்படித் தோன்றுவது இயற்கைதான். ஆனால் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் மூன்று, நான்கு தலைமுறையாக வேரூன்றிய குடும்பங்களிலும் இதே பேச்சு கேட்கிறது. பிள்ளைகள் படிப்பது இங்கே. ரேஷன் கார்டு இங்கே. டெங்கு கொசு கடிப்பதும் இங்கேதான். குப்பை மட்டும் எப்படி அடுத்தவர் ஊர்க் குப்பையாகும்?

அந்தப் பை போகும் இடத்தைப் பார்த்தவர்கள் குறைவு. நகரத்தின் கண்ணுக்கு எட்டாத கிராமங்களுக்கு லாரிகள் அதைக் கொண்டுபோய்க் கொட்டின. வடக்கே மாவள்ளிபுரா, கிழக்கே பழைய சென்னை சாலைப் பக்கம் மண்டூர். 2012ல் மாவள்ளிபுராவில் கொட்டுவது நிறுத்தப்பட்டதும், பெங்களூர்த் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது. 'பூங்கா நகரம்' என்ற பெயர் உலகப் பத்திரிகைகளில் சிரிப்பாய்ச் சிரித்தது. அதன் பிறகு மண்டூரின் தலையில் சுமை ஏறியது. கிணற்று நீர் கெட்டது, ஈக்கள் மொய்த்தன, நோய் வந்தது என்று அந்த ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2014ல் லாரிகளை மறித்து உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு முடிவுக்குள் கொட்டுவதை நிறுத்துவதாக அரசு வாக்குக் கொடுத்தபிறகே அங்கே அமைதி திரும்பியது. அதற்குப் பிறகும் குப்பை நின்றுவிடவில்லை. கைவிடப்பட்ட கல்குவாரிகளைத் தேடிப் போனது, அவ்வளவுதான். பெள்ளஹள்ளி, மிட்டகானஹள்ளி என்று ஊர்ப் பெயர்கள்தான் மாறின.

இதில் மறைந்திருக்கிற விஷயம் ஒன்று உண்டு. வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. அதாவது சோறு, தோல், பூ, டீத்தூள். இவற்றால் மண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை. காற்றுப் படும்படி காய்ந்த இலைகளோடு சேர்த்து வைத்தால் இரண்டு மாதத்தில் எருவாகும். அதையே பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே இன்னும் ஆயிரம் பைகளை ஏற்றினால், காற்றில்லாமல் அழுகுகிறது. தீப்பிடிக்கும் வாயு உண்டாகிறது. கறுப்பாய் ஒரு சாறு வடிந்து பேட்டரி, பெயிண்ட், மருந்து எல்லாவற்றின் நஞ்சையும் கரைத்துக்கொண்டு நிலத்தடிக்கு இறங்குகிறது. மண்டூர்க்காரரின் கிணற்றைக் கெடுத்தது வாழைப்பழத் தோல் அல்ல. அதைக் கட்டிவைத்த முடிச்சு.

எரு செய்யும் யோசனை பெங்களூருக்குப் புதிதுமல்ல. நகரக் குப்பையை எருவாக்கி விற்க கர்நாடக அரசு 1975லேயே ஒரு கழகம் தொடங்கியது. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்துவந்தால் எந்த விவசாயி அந்த எருவை வாங்குவார்?

பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2012 அக்டோபர் முதல் இருக்கிறது. 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, டயபர் போன்ற கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, காய்ந்த குப்பைக்கு ஒரு பை. "ஹசி கசா, ஒண கசா" என்று தெருவில் கேட்கும் குரலுக்கு அர்த்தம் தெரியாத பெங்களூர்த் தமிழர் இருக்க மாட்டார். இருந்தும் ஏன் நடக்கவில்லை? மக்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் அதிகாரிகள் முடித்துவிடுகிறார்கள். அது பாதி நியாயம்தான்.

மீதிப் பாதியை நிர்வாகம் கேட்டுக்கொள்ள வேண்டும். குப்பை ஆட்டோ வருவது ஒன்பது மணிக்கோ பத்து மணிக்கோ. பீன்யாவில் ஷிப்டுக்குப் போகிறவரும், கட்டட வேலைக்குப் போகிறவரும், இரண்டு பஸ் மாறி அலுவலகம் சேரும் குமாஸ்தாவும் அதற்கு வெகுநேரம் முன்பே வீட்டைப் பூட்டிவிடுகிறார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஆட்டோவுக்காகக் காத்திருப்பது யார்? மின்கம்பத்தடியில் விழும் பைகள் அநேகமாக இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருபவைதான். மாலை ஏழு மணிக்கு ஒரு நடை ஆட்டோ வந்தால், கேமரா வைத்து அபராதம் போடுவதைவிட அதிகப் பலன் இருக்கும். இன்னொன்று, ஆட்டோ நுழையாத சந்துகள். ஒரே வாசலுக்குள் எட்டுக் குடித்தனம் இருக்கிற இடத்தில், வீட்டுக்கு இரண்டு தொட்டி வைக்க இடம் ஏது? சந்துக்குப் பொதுவாக மூடியுள்ள இரண்டு தொட்டி கொடுத்து, தள்ளுவண்டி அனுப்பினால் போதும். எல்லாவற்றையும்விட மோசமானது, மக்கள் பிரித்துக் கொடுத்ததை அவர்கள் கண் எதிரிலேயே ஒரே லாரியில் கலந்து கொட்டுவது. ஒருமுறை அதைப் பார்த்த வீட்டுக்காரி மறுநாள் எதற்காகப் பிரிப்பாள்?

2025 ஏப்ரல் முதல் சொத்து வரியோடு குப்பைக் கட்டணமும் வசூலாகிறது. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு மாதம் 10 ரூபாய், பெரிய வீடுகளுக்கு அதிகம். கட்டுவது வீட்டுக்காரர் என்று பெயர். கடைசியில் அது வாடகையில்தான் வந்து ஏறும். காசு கொடுக்கிறவன் கேள்வி கேட்கலாம் அல்லவா?

கேட்கும் வழிதான் தமிழர்களுக்கு அடைபட்டிருக்கிறது. பாதி அடைத்தவர்கள் அவர்களேதான். வாக்காளர் பட்டியலில் பலர் பெயர் இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கிறது. தேர்தலுக்கு ஓசூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் அங்கே ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறார்கள். ஓட்டில்லாத சந்தில் எந்தக் கவுன்சிலர் கால் வைப்பார்? அந்தக் கவுன்சிலரும் 2020 செப்டம்பரோடு பதவி முடிந்து போனார். அதற்குப் பின் பல ஆண்டுகள் தேர்தலே நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி கலைக்கப்பட்டு, ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. வார்டு எல்லைகளும் மாறின. பெயரைச் சேர்க்க இதைவிட நல்ல நேரம் வராது. வார்டு கமிட்டி என்று ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. அங்கே கன்னடத்தில் பேச வேண்டுமே என்று தயங்குகிறவர்கள், மார்க்கெட்டில் பேரம் பேசும் கன்னடத்தையே பேசட்டும். கொச்சைக் கன்னடம் பேசியதற்காக எந்த ஊரிலும் யாரும் குப்பை எடுக்க மறுத்ததில்லை.

வீட்டுக்குள் செய்யக்கூடியதும் இருக்கிறது. செய்தித்தாளையும் பாட்டிலையும் பழைய பேப்பர்க்காரருக்குப் போடும் பழக்கம் தமிழ் வீடுகளில் காலங்காலமாக உண்டு. பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் அதுவும் அவரிடமே போகும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். முன்பெல்லாம் தூக்கும் சொம்பும் கொண்டுவந்து வாங்கிப் போனார்கள். இப்போது பிளாஸ்டிக் பூசிய காகிதக் கிண்ணம் ஆயிரக்கணக்கில் கோயில் சாக்கடையில் மிதக்கிறது. இத்தனைக்கும் கர்நாடகத்தில் இத்தகைய பிளாஸ்டிக்குக்கு 2016லேயே தடை வந்துவிட்டது. விழாக் குழுவினர் நோட்டீஸில் "பாத்திரம் கொண்டுவரவும்" என்று ஒரு வரி அச்சிட்டால் அம்மன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

தண்ணீர் விஷயத்தையும் இங்கே தொட்டுவிட வேண்டும். பெங்களூர்க் குழாயில் வரும் காவிரி, சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் மின்சார பம்புகளால் மேலேற்றப்பட்டு வருகிறது. இரு மாநிலமும் நீதிமன்றம் ஏறிச் சண்டையிட்ட அதே நீர். டீக்கடையில் காவிரி வழக்கைக் காரசாரமாக அலசிவிட்டு, வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு வண்டி கழுவுகிற அன்பர்களும் உண்டு. 2024 மார்ச்சில் பஞ்சம் வந்து, குடிநீரில் வண்டி கழுவினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தபோதுதான் வாளியைத் தேடினார்கள்.

மீண்டும் அந்த மின்கம்பத்துக்கே வருவோம். 2025 மே தினத்தன்று பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்புரவுப் பணியாளர்களுக்குப் பெங்களூரில் நிரந்தர நியமன ஆணை வழங்கப்பட்டது. நீண்ட போராட்டத்தின் பலன் அது. வேலை நிரந்தரமாயிற்று. தினமும் கிழிந்த பையில் கைவிட்டுக் கண்ணாடி பொறுக்குவதும் அவர்களுக்கு நிரந்தரமாக வேண்டுமா? உடைந்த பல்பைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, தனியே கொடுக்க எந்த மாநகராட்சியின் உத்தரவும் தேவையில்லை. மாலை நேரத்து ஆட்டோவுக்குத்தான் உத்தரவு தேவை. ஸ்ரீராமபுரம், ஓகளிபுரம், விவேக் நகர், மர்பி டவுன் தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் பொங்கல் விழாவுக்கு நன்கொடைச் சீட்டு அச்சிடும்போது, தெருவாரியாகக் கையெழுத்து வாங்கி அதற்கொரு மனுவும் கொடுக்கட்டும்.