சாகவும் விடல, வாழவும் விடல

துப்புரவுத் தொழிலாளர்களுக்கான தேசிய ஆணையத்தை 1993இல் சட்டம் போட்டு, 1994 ஆகஸ்டில் அமைத்தார்கள். பிறக்கும்போதே அதற்கு 31.3.1997 வரைதான் ஆயுள் என்று எழுதிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தலையில் ஏற்றிய இழிவை மூணு வருஷத்தில் கழுவிவிடலாம் என்று கணக்கு! முடியவில்லை, நீட்டினார்கள். 29.2.2004இல் சட்டம் காலாவதியானது. மலம் அள்ளும் கொடுமை அப்படியேதான் இருந்தது.

அப்போதும் ஆணையத்தை இழுத்து மூடவில்லை. தலைவர் இருக்கார், அலுவலகம் இருக்கு, போர்டு தொங்குது. காலுக்குக் கீழிருந்த சட்டத்தை மட்டும் உருவிட்டாங்க. அன்றிலிருந்து அரசு ஆணையில்தான் பிழைப்பு. 2013 சட்டம் புகாரை விசாரிக்கவும் தகவல் கேட்கவும் இடம் கொடுத்தது. சிவில் நீதிமன்ற அதிகாரம் கொடுக்கவில்லை. 2025 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை மறுபடியும் 31.3.2028 வரை நீட்டியது. செலவு சுமார் 50.91 கோடி ரூபாய்.

'இதை மூடிவிட்டு பணம், ஆள், கோப்பு எல்லாவற்றையும் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்திடம் கொடுத்தால் என்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அரசியல் சட்டம் 338ஆவது பிரிவில் நிற்கிற ஆணையம் அது. அதே 2004 பிப்ரவரியில்தான் தனி ஆணையமானது. அதிகாரியை சம்மன் அனுப்பி வரவழைக்க அதனால் முடியும்.

ஆனால் தோழர்களே, கிறித்தவராகவோ இஸ்லாமியராகவோ மாறிய துப்புரவுத் தொழிலாளி அதன் கணக்கில் வரமாட்டார். 1950 குடியரசுத் தலைவர் ஆணை அவரை வெளியே நிறுத்தியிருக்கிறது. குழிக்குள் இருக்கிற விஷவாயு சாதிச் சான்றிதழ் பார்த்தா கொல்லுது?

கோப்பு விஷயமும் சின்ன விஷயமில்லை. 1993 முதல் சாக்கடைக் குழியில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் தீர்ப்பில் அது 30 லட்சமானது. செத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லையென்றால் அந்தப் பெண் எதை வைத்துக் கேட்பாள்? அலுவலகம் மாறும்போது மேசை நாற்காலி பத்திரமாகப் போய்ச் சேரும். நம்ம ஆளுங்க பெயர்தான் வழியிலே தொலையும்.

ஆகவே ஆணையத்தை மூடுவதா வேண்டாமா என்பதல்ல நம் சண்டை. முதலில் நாடாளுமன்றத்தில் சட்டம் வரட்டும். அதில் கெடு தேதி இருக்கக் கூடாது. சிவில் நீதிமன்ற அதிகாரம் இருக்க வேண்டும். மதத்தைப் பார்க்காமல் செய்கிற தொழிலைப் பார்த்துப் பாதுகாப்புத் தர வேண்டும். சாவுப் பட்டியலை ஊர்வாரியாக அச்சிட்டு மக்கள் கையில் கொடுக்க வேண்டும். இத்தனையும் நடந்த பிறகு எந்தக் கட்டடத்தில் எந்தப் போர்டை மாட்டினாலும் சரி. 31.3.2028க்கு முன்னால் இதைக் கேட்காவிட்டால், இன்னொரு மூணு வருஷத்தை நீட்டிக் கையில் கொடுப்பான்.