யூரியாவும் பாக்டீரியாவும் சேர்ந்தால் சிமெண்டா?

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு யூரியாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. செம்பனைக்கு உரமாக வீசும் அதே யூரியாவை வைத்து மணலைக் கல்லாக்கலாம் என்று சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சூ ஜியான் குழுவினர் 2022இல் காட்டினர்.

மண்ணில் இயல்பாக வாழும் ஒருவகை பாக்டீரியா யூரியாவை உடைக்கிறது. அதில் உண்டாகும் கார்பனேட், கால்சியத்துடன் சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகப் படிந்து மணல் துகள்களை ஒட்டிவிடுகிறது. சூளை வேண்டாம். கால்சியத்தை அசெட்டிலின் வாயு தயாரிப்பில் மிஞ்சும் கழிவுச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். யூரியாவுக்குச் சிறுநீரே போதும். முகம் சுளிக்க வேண்டாம்!

சாதாரண சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 விழுக்காடு இந்தத் தொழிலுடையது. அதிலும் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வெளிவருகிறது; எரிபொருளை மாற்றினாலும் அது குறையாது. நம் நாட்டில் அந்தக் கல்லுக்காக உடைபடுபவற்றில் ஈப்போ வட்டாரக் குன்றுகளும் அடங்கும். நாம் குகைக் கோயில் கட்டி வழிபடுவதும் இதே வகைக் குன்றுகளில்தான். பத்துமலையும் சுண்ணாம்புக் குன்றே.

ஆனால் நாளைக்கே அடுக்குமாடி வீடு இப்படி எழும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த ஆய்வில் மண்ணுக்குக் கிடைத்த வலு அதிகபட்சம் 1.7 மெகாபாஸ்கல். வீட்டுத் தூணுக்கு ஊற்றும் கான்கிரீட்டுக்கு 20, 25 வேண்டும். தூண் இதன் வேலை அல்ல. கடற்கரை மணல் அரிக்காமல் பிடிப்பதும், தளர்ந்த மண்ணை இறுக்குவதும்தான் இதன் வேலை. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மணல்மீது இந்தக் கரைசலைத் தெளித்து, மேற்பரப்பைக் கெட்டியாக்கிச் சோதித்ததும் அதற்காகத்தான்.

இன்னொரு சிக்கல், யூரியா உடையும்போது அமோனியாவும் வரும். அதைப் பிடித்து அகற்றாமல் விட்டால், ஆற்றில் இறங்கி மீனைக் கொல்லும். தொழிற்சாலை யூரியாவும் சுத்தமான சரக்கு அல்ல. கெடா குருணில் அதை இயற்கை எரிவாயுவிலிருந்து தயாரிக்கிறார்கள். மூட்டை மூட்டையாக அதை வாங்கிக் கொட்டினால் பசுமை என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். கழிவிலிருந்து யூரியாவும் கால்சியமும் கிடைக்கும் இடத்தில்தான் இது உண்மையில் இலாபம்.

நம் ஊரில் இதைச் சோதிக்க இடம் தேட வேண்டியதில்லை. மழைக்காலம் வந்தால் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் சாலையோரச் சரிவுகளும், ஆண்டுதோறும் அரிக்கும் ஆற்றங்கரைகளும் இருக்கின்றன. அடுத்த முறை சரிவைக் கட்ட ஊராட்சி மன்றம் டெண்டர் விடும்போது, ஒரு சிறு பகுதியையாவது இதற்கு ஒதுக்குமா என்று உங்கள் வட்டார மன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். அமோனியாவை என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.